‘ஆள் நல்லவர்’ என்றால் போதுமா? தலைவர்களின் குணமும் குடியரசின் ஆயுளும்

தேர்தல் நெருங்கும்போது தர்மபுரி பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளிலும் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளிலும் இரண்டு வாதங்கள் தவறாமல் காதில் விழும். தலைவர் நல்லவராக இருந்தால் நாடு தானாக நன்றாக இருக்கும் என்பது ஒன்று. யார் வந்தாலும் ஒன்றுதான், சட்டம் சரியாக இருந்தால் போதும் என்பது மற்றொன்று. காலையில் முதல் வாதத்தைச் சொன்னவரே மாலையில் இரண்டாவதைச் சொல்வதும் உண்டு. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ‘நல்லவர்’ என்று சொல்லும்போது எந்தக் குணத்தைக் குறிக்கிறோம், அந்தக் குணத்துக்கும் குடியரசு நீடிப்பதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் நின்று கேட்பதில்லை. புதிதாக வாக்களிக்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து அதை இங்கே விளக்குகிறேன்.

குடியரசு என்பது எது?

ஆட்சியதிகாரம் எந்தத் தனிமனிதருக்கும் குடும்பத்துக்கும் உடைமையாகாமல், மக்களிடமிருந்து பெறப்பட்டு, சட்டம் வகுத்த காலத்துக்கும் எல்லைக்கும் உட்பட்டு நடத்தப்படுவதே குடியரசு. ஆள்பவர்களை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது மக்களாட்சி. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருப்பதால் ஒன்றாகத் தோன்றுகின்றன. பிரிட்டனில் மக்களாட்சி இருக்கிறது, ஆனால் நாட்டின் தலைமைப் பதவி அரச குடும்பத்துக்கு உரியது என்பதால் அது குடியரசு இல்லை. வட கொரியா தன் பெயரிலேயே குடியரசு என்று வைத்திருக்கிறது, ஆனால் அங்கே பாட்டனார், தந்தை, மகன் என்று மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் ஆள்கிறது.

இந்தியா 1950 ஜனவரி 26 அன்று குடியரசானது. அதற்கு முந்தைய நாள் வரை நாட்டின் தலைமைப் பதவியில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், ஓசூருக்கு அருகே உள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி. அன்று ஆள் மாறியதோடு அந்தப் பதவியே இல்லாமல் போனது. குடியரசுத் தலைவர் என்ற புதிய பதவிக்கு ராஜேந்திர பிரசாத் வந்தார். நாட்டின் உச்சத்தில் இருந்த ராஜாஜி அதே ஆண்டில் நேருவின் அமைச்சரவையில் ஓர் அமைச்சராகச் சேர்ந்தார். பதவியை விட்டு இறங்கி, அதைவிடச் சிறிய பதவியில் அமர்ந்து வேலை செய்ய முடியும் என்பது முடியாட்சியில் ஏறக்குறைய நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

ஆக, குடியரசில் பதவி தனி, ஆள் தனி. ஆள் வருவார், போவார். பதவியின் எல்லைகள் சட்டத்தில் இருக்கும். இந்தப் பிரிப்பு நிலைக்கிறதா, குலைகிறதா என்பதுதான் இனிப் பார்க்கப் போவது.

சீட்டு எடுத்தவர் தவணை கட்டுவாரா?

நம் பக்கத்தில் ஏலச்சீட்டு கட்டாத குடும்பம் குறைவு. இருபது பேர் சேர்ந்து மாதம் ஐயாயிரம் ரூபாய் போட்டால் ஒரு லட்சம் சேரும். பணத்தேவை உள்ளவர் தள்ளுபடி கேட்டு ஏலத்தில் அதை எடுத்துக்கொள்வார். சீட்டில் சேரும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, நடத்துகிறவர் நல்லவரா என்பதுதான். நடத்துகிறவர் பணத்தோடு ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் சட்டமும் இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் சிட்பண்ட் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும், நடத்துகிறவர் பிணைத் தொகை வைக்க வேண்டும்.

ஆனால் சீட்டு நடத்துகிறவர்கள் மனத்தில் உண்மையில் இருக்கும் பயம் வேறு. மூன்றாம் மாதமே சீட்டு எடுத்தவர் இருபதாம் மாதம் வரை தவணை கட்டுவாரா என்பதே அது. எடுப்பதற்கு முன்னால் எல்லாரும் ஒழுங்காகத்தான் கட்டுவார்கள், ஏனென்றால் கட்டினால்தான் பணம் வரும். பணம் கைக்கு வந்தபின் கட்டுவதற்கு அப்படிப்பட்ட தூண்டுதல் எதுவும் இல்லை. ஜாமீன் கையெழுத்தும் வழக்கும் ஓரளவு வற்புறுத்தும். ஆனால் எடுத்தவர்களில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் கையை விரித்துவிட்டால் எந்த ஜாமீனும் அந்தச் சீட்டைக் காப்பாற்றாது. பெரும்பாலோர் கேட்காமலே கட்டுவதால்தான், கட்டாத ஒருவரைச் சட்டத்தால் பிடிக்க முடிகிறது.

குடியரசில் தேர்தலில் வென்றவர் சீட்டு எடுத்தவரைப் போன்றவர். வெல்லும் வரை விதிகள் அவருக்கு உதவின. வென்றபின் அதே விதிகள் அவரைக் கட்டுப்படுத்துகின்றன: எதிர்க்கட்சி பேச இடம் தர வேண்டும், நீதிமன்றம் தனக்கு எதிராகச் சொன்னாலும் ஏற்க வேண்டும், காலம் முடிந்ததும் மீண்டும் வாக்குக் கேட்டு நிற்க வேண்டும், தோற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மீற முடியும் என்ற நிலையிலும் அதிகாரத்தின் எல்லையை மீறாமல் இருக்கும் குணத்தை அதிகாரத் தன்னடக்கம் என்று அழைக்கலாம். குடியரசின் ஆயுளோடு நேரடித் தொடர்புடைய குணம் இதுதான். தலைவர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், என்ன சாப்பிடுகிறார், கதர் உடுத்துகிறாரா என்பவை அவருடைய வீட்டு விஷயங்கள்.

சட்டத்தில் எழுதப்படாத இடங்கள்

எல்லாவற்றையும் சட்டமாக எழுதிவிட்டால் குணத்தை நம்பியிருக்க வேண்டாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எந்தச் சட்டமும் எல்லாச் சூழலையும் முன்கூட்டி எழுதிவிட முடியாது. எழுதாமல் விட்ட இடங்களை மரபு நிரப்புகிறது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் பதவியில் இருப்பவர்கள் தொடர்ந்து பின்பற்றி வரும் நடைமுறையே மரபு.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு முறை பதவி வகித்தபின் மூன்றாம் முறை போட்டியிடாமல் ஒதுங்கினார். அப்போது அவரைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அடுத்து வந்தவர்கள் அதையே அளவுகோலாகக் கொண்டதால் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் அந்த மரபு நின்றது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1940இல் மூன்றாம் முறையும் 1944இல் நான்காம் முறையும் வென்றபோது அது முறிந்தது. அதன்பிறகு 1951இல்தான் இரண்டு முறைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்பதை அந்நாடு தன் அரசியலமைப்பில் எழுதியது.

பழைய ரோமாபுரிக் குடியரசின் கதை இதன் மறுபக்கம். ஆபத்துக் காலத்தில் முழு அதிகாரத்தையும் ஒருவரிடம் கொடுப்பது அங்கே வழக்கம். ஆனால் உச்ச வரம்பு ஆறு மாதம். கி.மு. 82இல் சுல்லா என்ற படைத்தலைவர் கால வரம்பே இல்லாமல் அந்தப் பதவியை எடுத்துக்கொண்டார். பின்னர் அவர் தானாகவே விலகிவிட்டார் என்பது உண்மை. ஆனால் அப்படி எடுத்துக்கொள்ள முடியும் என்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் வாழ்நாள் முழுவதற்குமாக அதே பதவியைப் பெற்றார். அடுத்த பதினேழு ஆண்டுகளில் அகஸ்டஸ் பேரரசரானார். செனட் சபை அதற்குப் பிறகும் கூடிக்கொண்டுதான் இருந்தது, பழைய பதவிப் பெயர்களும் மாறவில்லை. குடியரசு முடிந்துவிட்டது என்று யாரும் அறிவிக்கவும் இல்லை.

நம் நாட்டில் இதற்கு மிகத் தெளிவான உதாரணம் 1975. இந்திரா காந்தியின் 1971 தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் ஜூன் 12 அன்று தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் விஷயம் சொல்லப்பட்டது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ ஏற்பட்டால் நெருக்கடி நிலை அறிவிக்கலாம் என்று அரசியலமைப்பில் அன்று இருந்த சொற்களைக் கொண்டே இது செய்யப்பட்டது. சட்டப் புத்தகத்தை யாரும் கிழிக்கவில்லை, அதன் ஒரு பக்கத்தைத் திறந்து கையெழுத்துதான் போட்டார்கள். தலைவர்கள் சிறை சென்றார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது, தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. சிறைவைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா. தலைமை நீதிபதியாகும் முறை அவருக்கு வந்தபோது 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவர் ஒருவர் நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். அவர் எழுதியதே சரி என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 2017இல்.

அதே இந்திரா காந்தி 1977இல் தேர்தல் நடத்தினார், தோற்றார், பதவியை விட்டு இறங்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்து வந்த அரசு 1978இல் 44ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்பது ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்று மாற்றப்பட்டது. அமைச்சரவையின் எழுத்துமூல முடிவு இல்லாமல் அறிவிக்கக் கூடாது என்பதும் சேர்க்கப்பட்டது.

மேலே சொன்ன அமெரிக்க, இந்திய உதாரணங்களில் ஒரே வரிசை தெரிகிறது. முதலில் ஒருவருடைய தன்னடக்கம், அது பலருடைய மரபாகிறது, ஒருநாள் ஒருவர் அதை மீறுகிறார், அதன்பின் அது சட்டமாகிறது. சட்டம் பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. வந்து சேரும் வரை நாட்டைத் தாங்குவது ஆட்களின் குணம். ரோமாபுரியில் சட்டம் வந்து சேரவே இல்லை.

வள்ளல் குணம் வேறு

தர்மபுரிக்காரர்களுக்கு நல்ல தலைவர் என்றதும் நினைவுக்கு வருபவர் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. நீண்ட நாள் வாழ வைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்த வள்ளல். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் வள்ளல் தன்மை முடியாட்சியின் அறம். மன்னர் தமக்கு உரியதைக் கொடுத்தார், நல்ல மன்னர் வாய்ப்பது குடிகளின் அதிர்ஷ்டமாக இருந்தது. குடியரசில் அமைச்சர் கொடுப்பது கருவூலத்துப் பணம், அதாவது வாங்குகிறவரும் கட்டிய வரி. அதை அள்ளிக் கொடுத்ததற்காக ஒருவரை வள்ளல் என்று போற்றும்போது, பதவியையும் ஆளையும் பிரித்து வைத்த எல்லைக்கோட்டை நாமே அழிக்கிறோம். நம் அரசியல் பேச்சில் உள்ள மிகப்பெரிய குழப்பம் இதுதான் என்பது என் கருத்து.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். சமயத்தில் பக்தி ஆன்மாவின் விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தியும் தனிமனித வழிபாடும் சீரழிவுக்கும் இறுதியில் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச்செல்லும் என்பது அவர் சொன்னதன் சாரம். எவ்வளவு நல்ல அரசியலமைப்பும் அதை நடத்துபவர்கள் மோசமானவர்களாக இருந்தால் மோசமாகவே முடியும் என்றும் அதே உரையில் சொன்னார். அதற்கு ஓராண்டு முன்பு, 1948 நவம்பர் 4 அன்று, ‘அரசியலமைப்பு அறம்’ என்ற கருத்தை அவர் விளக்கியிருந்தார். சட்டம் வற்புறுத்தாத இடத்திலும் சட்டத்தின் நோக்கத்துக்குக் கட்டுப்படும் பழக்கம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அது மனிதருக்கு இயல்பாக வருவது இல்லை, வளர்த்தெடுக்க வேண்டியது என்றார்.

தனிமனித பக்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த மாவட்டம் நேரில் பார்த்திருக்கிறது. முன்னாள் முதல்வர் ஒருவருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்த செய்தி வந்த 2000 பிப்ரவரி 2 அன்று, தர்மபுரி இலக்கியம்பட்டியில் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் அதில் எரிந்து இறந்தார்கள். தலைவருக்கு எதிராக ஒரு நீதிமன்றம் தீர்ப்பு எழுத முடியும் என்பது குடியரசின் இலக்கணம். அந்த இலக்கணத்தைத் தங்கள் மீதான அவமானமாக எடுத்துக்கொண்டவர்கள் வைத்த தீ அது. ஆகவே தலைவரின் குணத்தை மதிப்பிடும்போது அவர் தம்மை எப்படி அடக்குகிறார் என்பதோடு, தம் பெயரைச் சொல்லிக் கிளம்புகிறவர்களை எப்படி அடக்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

எளிமை வேறு, தன்னடக்கம் வேறு என்பதற்கு மீண்டும் ராஜாஜியிடமே வரலாம். அவருடைய தனிவாழ்வின் எளிமையை எதிரிகளும் மறுத்ததில்லை. 1952 தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜி, ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். சட்டத்தின் எழுத்து அதை அனுமதித்தது. வாக்காளரிடம் போகாமல் முதல்வர் நாற்காலிக்கு வர நியமன இடத்தைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் தீரவில்லை. தவறு என்றே நான் கருதுகிறேன். பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் குலத்தொழில் பழக வழிசெய்ததாகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த கல்வித் திட்டத்தால் கட்சிக்குள்ளேயே அவருக்கு எதிர்ப்பு வலுத்தபோது, 1954இல் விலகிக் காமராஜருக்கு வழிவிட்டார். ஒரே மனிதரிடம் மரபை வளைத்ததும் உண்டு, வெளியேற வேண்டிய நேரத்தில் வெளியேறியதும் உண்டு.

குணம் மேலே மட்டும் இருந்தால் போதாது

குடியரசைத் தலைவர் ஒருவர் காப்பாற்றுவதாக நினைப்பதும் முடியாட்சி மனப்பான்மையின் மிச்சம்தான். அதிகாரம் ஆயிரக்கணக்கான கைகள் வழியாக ஓடுகிறது. 1992 ஜூன் 20 அன்று அரூர் பகுதியில் உள்ள வாச்சாத்தி என்ற பழங்குடி கிராமத்தில், சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டார்கள், பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். முதலில் அரசுத் தரப்பு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. கிராம மக்கள் விடவில்லை. அவர்களோடு நின்ற அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 269 பேர் மீது வழக்கு, விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட, மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதை உறுதிசெய்த உயர் நீதிமன்றம், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

இதைக் குடியரசின் வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, 19 ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை வளர்ந்து பெரிய ஆளாகும் காலம். ஆனால் எப்படி வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று சம்பவ இடத்தில் ஒரு மேலதிகாரி ‘இது கூடாது’ என்று நிறுத்தியிருந்தால் நீதிமன்றமே தேவைப்பட்டிருக்காது. அந்தக் குணம் அங்கே இல்லாததால், சட்டம் நீண்ட வழியில் சுற்றி வர வேண்டியிருந்தது. சட்டத்தை அந்த வழியில் நடத்திச் சென்றதும் பின்வாங்காத சாட்சிகளின் குணமே.

குணத்தைக் கணக்கில் கொண்டுவர முடியுமா?

ஓரளவு முடியும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறைக்கு விதிகள் சொல்கின்றன. வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், சொந்த நிலமும் மனையும் வேண்டும் என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்பதும் அதில் உண்டு. நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமேயான சபை அது, ஆகவே அதை இன்றைய மக்களாட்சியின் தாய் என்று கொண்டாடுவது மிகை. ஆனால் ‘நல்லவரா’ என்ற மங்கலான கேள்வியை ‘கணக்குக் காட்டினாரா’ என்ற சோதிக்கத்தக்க கேள்வியாக மாற்றியது கெட்டிக்காரத்தனம்.

இன்று வேட்பாளர்கள் தங்கள் மீதுள்ள வழக்குகளையும் சொத்துகளையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டியிருப்பது 2002இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவு. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற மக்கள் பிரதிநிதி மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் தொடர முடியாது என்று 2013இல் அதே நீதிமன்றம் சொன்னது. இவை உதவுகின்றன. ஆனால் 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினாரே, அப்படி விலகச் சொல்லும் சட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பத்திரத்தில் அதற்குரிய பகுதியும் கிடையாது.

எழுதிய சட்டம்கூடத் தானாக நடந்துவிடாது என்பதற்கு நம் ஊராட்சிகளே சாட்சி. ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இ பிரிவு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. 2016 அக்டோபரில் முடிந்த காலத்துக்கு, தர்மபுரி, கிருஷ்ணகிரி உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். இடைப்பட்ட மூன்றாண்டும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆட்சி. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தேர்தல் உடனே வரவில்லை. மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள். வழக்கு, வார்டு மறுவரையறை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது, அவற்றில் சில நியாயமானவையும்கூட. சட்டமன்றத் தேர்தல் மூன்றாண்டு தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊராட்சிக்கு அந்தக் கோபம் எழவில்லை, ஆட்சியிலிருந்த எந்தக் கட்சிக்கும் அதனால் வாக்கு குறைந்ததாகவும் தெரியவில்லை.

தேர்தல் நடக்காத காலத்திலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் அந்தச் சபையில், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யார் வேண்டுமானாலும் வரவுசெலவைக் கேட்கலாம், தீர்மானத்தில் என்ன எழுதப்படுகிறது என்று படித்துக் காட்டச் சொல்லலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதைப் பற்றியதாக இருக்கட்டும்.